சஸ்பென்ஸ் அக்கவுண்ட்

"நடுவுல ரெண்டு வருஷத்தைக் காணோமே?"

எதிரே உட்கார்ந்திருந்தவர் என் பயோடேட்டாவை டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார், ஐந்நூறு ரூபாய் நோட்டைச் சோதிப்பது போல. 2020 மே மாதத்தோடு என் உத்தியோக வரலாறு நின்றுபோயிருந்தது. அன்றைக்குத் தேதி 2022 ஜூலை.

பி.காம். படித்தவனுக்கு இது புதிதில்லை. டிரையல் பாலன்ஸில் இரண்டு பக்கமும் ஒத்துவராவிட்டால், வித்தியாசத்தை 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்' என்ற தலைப்பில் தற்காலிகமாகத் தள்ளிவிட்டு, பிழையை நிதானமாகத் தேடலாம். பயோடேட்டாவில் அந்த வசதியை எவரும் வைக்கவில்லை.

நடந்தது இதுதான். 2020 மார்ச்சில் ஊரடங்கு என்றதும், பத்து நாளில் திரும்பிவிடலாம் என்று இரண்டே சட்டையோடு சென்னையிலிருந்து சங்கரன்கோவிலுக்கு வந்தேன். மே மாதம் கம்பெனி கையை விரித்தது. ஜூலையில் அப்பாவுக்குப் பக்கவாதம். முப்பது வருடம் விசைத்தறியில் ஓடிய வலது கையும் வலது காலும் ஒரே ராத்திரியில் நின்றுபோயின. அம்மா கோமதியம்மன் கோவில் புற்றுமண்ணைக் குழைத்து அந்தக் கையில் தடவினாள். நான் டாக்டர் சொன்ன பயிற்சியைக் கொடுத்தேன். காலையில் தூக்கி உட்கார வைத்து, பல் துலக்கி, முகச்சவரம் செய்துவிட்டு, சட்டை மாட்டி... மணி பதினொன்று ஆகிவிடும். ராத்திரியில் தறிக்காரர்கள் இரண்டு பேருக்கு ஜி.எஸ்.டி. கணக்கு எழுதினேன். கூலி சில மாதம் பணம், சில மாதம் காட்டன் சேலை. (சேலையை அனுபவச் சான்றிதழாக ஏற்றுக்கொள்ளும் கம்பெனி எதையும் நான் இதுவரை பார்க்கவில்லை.)

2022 ஏப்ரலில் அப்பா போய்விட்டார். ஜூனில் வேலை தேடக் கிளம்பினேன்.

முதல் இன்டர்வியூ திருநெல்வேலியில். "குடும்பக் காரணம்" என்று கௌரவமாகச் சொன்னேன். கேட்டவர் என் மோதிர விரலைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "கேஸ் ஏதும் நடக்குதா தம்பி?" என்றார். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்பதை நிரூபிக்கவே பாதி நேரம் போய்விட்டது.

டீக்கடை அண்ணாச்சிதான் அடுத்த யோசனையைக் கொடுத்தார். "குரூப் 4-க்குப் படிச்சேன்னு சொல்லுடே. நம்ம ஊர்ல பாதிப் பயலுவ அதைத்தான் சொல்லுதான்."

மதுரையில் சொன்னேன்.

"அப்ப கவர்மென்ட் வேலை கிடைச்சா எங்களை விட்டுட்டுப் போயிடுவீங்க?"

"கிடைக்காது சார்."

"அவ்வளவு மோசமாவா படிச்சீங்க?"

அண்ணாச்சியின் கணக்கில் தப்பில்லை. 2019 செப்டம்பருக்குப் பிறகு குரூப் 4 தேர்வு நடந்தது 2022 ஜூலையில்தான். அறிவித்த பணியிடம் 7,301. விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 22 லட்சம் பேர். இடங்களைப் பிறகு பத்தாயிரத்துக்கு மேல் உயர்த்தினார்கள். உயர்த்தி என்ன? மிச்சம் 21 லட்சத்துச் சொச்சம் பேரில் எத்தனை பேர் என்னைப் போல நாற்காலி நுனியில் உட்கார்ந்து அந்த வருடங்களுக்குக் கணக்குச் சொன்னார்களோ!

இத்தனைக்கும், காத்திருப்பதையே தகுதியாக மதிக்கிற இடமும் நம் ஊரில் இருக்கிறது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, புதுப்பித்து, ஐந்து வருடம் வேலை கிடைக்காமல் இருந்தால், குடும்ப வருமானம் குறைவாக இருக்கும் பட்சத்தில், பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய் வீதம் மூன்று வருடம் உதவித்தொகை உண்டு. அங்கே இடைவெளி நீளமாக இருந்தால்தான் மரியாதை. அதே காகிதத்தை எடுத்துக்கொண்டு தனியார் கம்பெனிக்குப் போனால் டியூப்லைட்டில் பிடித்துப் பார்க்கிறார்கள்.

"பழைய கம்பெனித் தேதியைக் கொஞ்சம் இழுத்துப் போட்டுருடா" என்றான் ஒரு நண்பன். அவன் அப்படித்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தான். மூன்றாவது வாரம் சரிபார்த்தார்கள். 2014 முதல் பி.எஃப். கணக்குக்கு யு.ஏ.என். என்று ஒரே எண் கொடுக்கிறார்களே, அதில் எந்தக் கம்பெனியில் எப்போது சேர்ந்தோம், எப்போது விலகினோம் என்பதெல்லாம் பதிவாகிவிடுகிறது. பையன் அன்று மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டான். இப்போது அவனுக்கு விளக்கவேண்டிய இடைவெளி ஒன்று, விளக்கவேண்டிய மூன்று வார வேலை ஒன்று. தயவுசெய்து அந்தப் பக்கம் மட்டும் போகாதீர்கள்.

ஆக, டியூப்லைட்காரரின் எதிரே நான் உட்கார்ந்தபோது கைவசம் வேறு பதில் ஏதும் பாக்கி இல்லை.

"அப்பாவுக்குப் பக்கவாதம் சார். கூட இருந்து பாத்துக்கிட்டேன்."

"வீட்ல வேற யாரும் இல்லையா? அம்மா?"

"அம்மாவால அவரைத் தூக்க முடியாது சார்."

பேனாவை மூடினார். "இப்ப எப்படி இருக்காங்க?"

"ஏப்ரல்ல தவறிட்டாங்க."

மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. "ஸாரி" என்றார். நிஜமாகத்தான் சொன்னார். பிறகு பேனாவைத் திறந்து, காகிதத்தைப் பார்த்தபடியே, "அப்ப... இனிமே லாங் லீவு தேவைப்படாது இல்ல?" என்றார்.

கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அவரிடம் ஒரு கட்டம் இருந்தது, அதை அவர் நிரப்ப வேண்டும்.

"தேவைப்படாது சார்."

டிக் அடித்தார். வேலை கிடைத்துவிட்டது.

பொழுது சாயும் நேரத்தில் வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள். "என்னய்யா கேட்டாங்க?"

"அப்பாவைப் பத்திக் கேட்டாங்க."

"சொன்னியா?"

"சொன்னேன்."

"தினமும் சவரம் பண்ணிவிட்டதைச் சொன்னியா?"

"அதெல்லாம் கேக்க மாட்டாங்கம்மா."

"நீயா சொல்லியிருக்கலாம்லா?" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.