ஃபைல் எப்பவுமே ரெடி!

லினக்ஸில் சர்வர் எழுதப் பழகுபவருக்கு முதலில் சொல்லித் தரப்படுவது, த்ரெட் எதற்காகவும் காத்து நிற்கக்கூடாது என்பதுதான். ஆயிரம் பேர் கனெக்ட் ஆகியிருப்பார்கள். ஒருவரிடமிருந்து டேட்டா வரவில்லையா, அடுத்தவரைக் கவனிக்கப் போய்விட வேண்டும். அதற்குத்தான் நான்-பிளாக்கிங் ஃப்ளாக், 'ஈபோல்' எல்லாம். சாக்கெட்டுகளுக்கு இது அருமையாக வேலை செய்யும். அதே பழக்கத்தில் டிஸ்கில் இருக்கும் ஃபைலையும் அந்த ஃப்ளாக் போட்டுத் திறப்பார். எர்ரர் ஒன்றும் வராது. ஆனால் படிக்கும்போது கெர்னல் அந்த ஃப்ளாகைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது!

காரணம், யூனிக்ஸின் பழைய நம்பிக்கை ஒன்று. சாதாரண ஃபைல் என்றால் அது எப்போதும் 'ரெடி'. போசிக்ஸ் தரமே அப்படித்தான் சொல்கிறது. 'செலக்ட்', 'போல்' இரண்டும் கேட்ட உடனே ரெடி என்று தலையாட்டும். ஈபோல் மட்டும் ஃபைலைச் சேர்க்கப் போனால் அனுமதியில்லை என்று எர்ரர் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடும். மூன்றில் நேர்மையான பதில் அதுதான்.

ரேஷன் கடை திறந்திருக்கிறதா என்று கேட்டால் திறந்திருக்கிறது என்பார்கள். போய் நின்றால் சர்க்கரை இன்னும் லாரியில் வந்துகொண்டிருக்கும். அந்த மாதிரி ரெடி இது.

சுழலும் ஹார்ட்டிஸ்கில் தலை நகர்ந்து சரியான இடத்துக்கு வர சுமார் 10 மில்லிசெகண்ட் ஆகலாம். 3 கிகாஹெர்ட்ஸ் ப்ராசசருக்கு அது 3 கோடி சைக்கிள். அவ்வளவு நேரமும் அந்த ஒரு த்ரெட் தூங்கும், அதை நம்பியிருக்கும் ஆயிரம் பேரும் காத்திருப்பார்கள். சிபியு சும்மாதான் இருக்கும், ஆனால் லோட் ஆவரேஜ் ஏறும். 'பிஎஸ்' அடித்துப் பார்த்தால் ப்ராசஸ் பக்கத்தில் 'டி' என்று நிற்கும். டிஸ்குக்காகத் தூங்குகிறது என்று அர்த்தம்.

இதில் கொடுமை என்னவென்றால், எழுதியவருடைய கம்ப்யூட்டரில் இது தெரியவே தெரியாது. ஒரு தடவை படித்த ஃபைலை கெர்னல் பேஜ் கேஷில், அதாவது மெமரியிலேயே வைத்திருக்கும். இரண்டாவது தடவையிலிருந்து டிஸ்க் பக்கமே போகாது. டெஸ்டில் பறக்கும் ப்ரோக்ராம், கேஷில் கொள்ளாத அளவு ஃபைல்கள் இருக்கும் நிஜ சர்வரில் திக்கித் திக்கி ஓடும்.

பலரும் பிடித்த வழி, காத்திருக்கும் வேலையை வேறு த்ரெட்டுகளின் தலையில் கட்டுவது. ஜிலிப்சியின் போசிக்ஸ் ஏஐஓ அப்படித்தான், உள்ளே இருப்பது வெறும் த்ரெட்டுகள். நோட் ஜேஎஸ்ஸும் அதே. யாரும் மாற்றாவிட்டால் அதில் 4 த்ரெட்தான். நாலும் மந்தமான டிஸ்கில் மாட்டிக்கொண்டால், அதே த்ரெட்டுகளை நம்பியிருக்கும் டிஎன்எஸ் தேடலும் வரிசையில் நிற்கும். ஃபைல் படிப்பதற்கும் ஒரு வெப்சைட் முகவரி கிடைக்காததற்கும் என்ன சம்பந்தம் என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான் :-)

2003-ல் வந்த 2.6 கெர்னலில் நிஜமான ஏஐஓ ஒன்று இருந்தது. ஆனால் பேஜ் கேஷைத் தவிர்த்து நேரடியாக டிஸ்கிலிருந்து படித்தால்தான் அது சொன்னபடி நடக்கும். இல்லாவிட்டால் வேலையை ஒப்படைக்கும் அந்த அழைப்பே நின்றுவிடும். டேட்டாபேஸ் எழுதுபவர்களைத் தவிர மற்றவர்கள் அதன் பக்கம் அதிகம் போகவில்லை. லினக்ஸ் ரசிகர்களுக்குக் கசக்கும், ஆனாலும் 1993-ல் வந்த வின்டோஸ் என்டியிலேயே 'முடிந்ததும் சொல்' என்ற முறை அடிப்படையிலிருந்தே இருந்தது.

2019 மே மாதம் 5.1 கெர்னலில் ஜென்ஸ் ஆக்ஸ்போ எழுதிய 'ஐஓ-யூரிங்' வந்தது. ப்ரோக்ராமும் கெர்னலும் பொதுவாகப் பார்க்கும் மெமரியில் இரண்டு வளையங்கள். ஒன்றில் வேலையை எழுதிப் போட வேண்டும், முடிந்த வேலை இன்னொன்றில் வந்து விழும். ரெடியா என்ற கேள்விக்கே இடமில்லை, முடிந்ததா என்பதுதான் கேள்வி. கேஷில் இருந்தால் உடனே முடியும், இல்லாவிட்டால் பிறகு. இரண்டுக்கும் ப்ரோக்ராம் ஒன்றேதான்.

ஆனால் ஒரு விஷயத்தில் ஜாக்கிரதை தேவை. கொடுத்த பஃபர் வேலை முடியும்வரை கெர்னலுக்குச் சொந்தம். ஒரு ஃபங்ஷனின் லோக்கல் அரேயைக் கொடுத்துவிட்டு ஃபங்ஷன் திரும்பிவிட்டால், அதே இடத்தில் பிறகு வந்து உட்காரும் வேறு வேரியபிள்கள் மீது கெர்னல் டேட்டாவைக் கொட்டும். காத்து நிற்கும் பழைய 'ரீட்'டில் இந்தத் தொல்லை கிடையாது. கெர்னலுக்குள்ளேயும் சிக்கல்தான். தன் பரிசுத் திட்டத்துக்கு வந்த கெர்னல் ஓட்டைகளில் 60 சதவீதம் ஐஓ-யூரிங் வழியாகவே வந்தன என்று 2023-ல் கூகுள் சொன்னது. குரோம் ஓஎஸ்ஸில் அதை அணைத்தும் வைத்தது.

2025 செப்டம்பரில் வந்த போஸ்ட்கிரெஸ் 18-ல்தான் அந்த டேட்டாபேஸுக்கு இப்படிப் படிக்கும் வசதி கிடைத்தது. ஐஓ-யூரிங்கும் அதில் உண்டு, கேட்டு வாங்க வேண்டும். ஒன்றும் சொல்லாமல் விட்டால், தனியாக மூன்று ப்ராசஸ்கள் உட்கார்ந்து காத்திருந்து படித்துக் கொடுக்கும் அதே பழைய வழிதான்.