உரையாசிரியரும் ஆட்டக்களமும்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகின்ற திருமுக்கூடலுக்கு எதிர்க்கரையில் உள்ளது எங்கள் பழையசீவரம். இங்கிருந்துகொண்டு முப்பது ஆண்டுகளாக மதரஸா மாணவர்களுக்கு அரபு இலக்கணம் ஓதிக்கொடுத்து வருகிறேன். கைபேசி ஆட்டம் ஒன்றைப் பற்றி எழுதுவேன் என்று கனவிலும் கருதியதில்லை. எழுத வைத்தவன் என் இளைய மகன்.

என்னிடமே ஓதத் தொடங்கி, இரண்டாம் ஆண்டிலேயே விட்டுவிட்டவன் அவன். அந்த வருத்தம் எனக்கு ஆறவில்லை. இரவு நேரங்களில் பிறர் ஆடும் ஆட்டங்களைக் கைபேசியில் பார்த்துக்கொண்டிருப்பான். “ஆடுவதே வீண், பிறர் ஆடுவதைப் பார்ப்பது அதனினும் வீணல்லவா?” என்று ஒரு நாள் கடிந்துகொண்டேன். அதன்பின் எங்களிடையே பேச்சுக் குறைந்தது.

சென்ற மழைக்காலத்தில் அவனுக்குக் காய்ச்சல். இஷாத் தொழுகைக்குப் பின் அவன் தலைமாட்டில் அமர்ந்திருந்தேன். கைபேசியில் ‘பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா’ போட்டி நடந்துகொண்டிருந்தது. அணிக்கு நால்வராக 16 அணிகள். 64 பேர் ஒரே களத்தில். ஓடினார்கள், சுட்டார்கள், வீழ்ந்தார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஆயினும் தமிழில் வர்ணனை செய்த இருவரின் குரல் செவியை ஈர்த்தது. ஒருவர் நடப்பதை விரைந்து சொன்னார். மற்றவர் அதன் காரணத்தைச் சொன்னார். ஒரு வீட்டுக்குள் இருவர் அசையாமல் பதுங்கியிருந்தனர். கோழைகள் என்றெண்ணினேன். இரண்டாமவர் விளக்கினார்: இறுதிவரை நிற்கும் அணிக்கு 10 புள்ளி, அடுத்த அணிக்கு 6, எதிரி ஒருவரை வீழ்த்தினால் 1 மட்டுமே. பாதுகாப்பு வட்டம் சுருங்கச் சுருங்க, மற்றவர்கள் வெட்டவெளியைக் கடந்தே ஆகவேண்டும். தோழர் இருவரை இழந்த இவர்களுக்குப் பொறுமையே ஆயுதம். அக்கணமே அசைவற்ற அந்த வீடு எனக்குச் சுவை மிக்கதாயிற்று.

முதலாமவர் சொன்னது பதவுரை. இரண்டாமவர் சொன்னது விளக்கவுரை. நம் உரையாசிரியர்கள் செய்ததும் இதுதானே! குறளுக்கு உரை வகுத்த பரிமேலழகரைக் காஞ்சிபுரத்தவர் என்பர். இப்னு மாலிக்கின் ‘அல்ஃபிய்யா’ இலக்கணத்தை ஆயிரம் பைத்துகளில் அடக்கியது. இப்னு அகீலின் உரையின்றி மாணவர் அதனுள் நுழைவது அரிது.

என் இளமையில் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் அவர்களின் கிரிக்கெட் வர்ணனையை வானொலியில் கேட்டிருக்கிறேன். 2020-இல் மறைந்த அப்பெருமகனார், காணாத களத்தை நல்ல தமிழால் காட்டினார். அன்று காட்சி இல்லாத குறையை வர்ணனை நிறைவு செய்தது. இன்றோ காட்சி மிகுந்து கண் தடுமாறுகிறது. எதைக் காணவேண்டும் என்று வர்ணனையாளர் சொல்லவேண்டியிருக்கிறது. வெறுமனே கூச்சலிடுபவரால் அது இயலாது.

துப்பாக்கி ஓசையை நான் இன்றும் விரும்பவில்லை. 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் மின்னணு விளையாட்டுகளுக்குப் பதக்கம் வழங்கப்பட்டது. 2025-இல் நம் நாட்டுச் சட்டம், பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்து, இத்தகைய போட்டிகளை விளையாட்டாக ஏற்றது. சூது வேறு, இது வேறு என்ற மட்டில் எனக்கும் உடன்பாடே. உறக்கத்தையும் தொழுகையையும் விழுங்காத அளவு வேண்டும் என்பதை மகனிடம் சொன்னேன், அவனும் மறுக்கவில்லை.

ஆட்டம் முடிந்தபின் மெல்லச் சொன்னான்: “அத்தா, நீங்கள் ஓதிக்கொடுத்தபோது இன்ன சொல்லுக்கு இன்ன வேற்றுமை என்றீர்கள். ஏன் என்று ஒரு நாளும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒருவேளை நான் இருந்திருப்பேன்.”

விடை சொல்ல நாவெழவில்லை. நான் அவனுக்குப் பதவுரை மட்டுமே தந்திருந்தேன்.

மறுநாள் காலை அதே பாடத்தை எடுத்தேன். சொல்லின் இறுதி ஒலி ஏன் மாறுகிறது, மாறாவிட்டால் அடித்தவன் யார், அடிபட்டவன் யார் என்பதே எவ்வாறு குழம்பும் என்று முதலில் விளக்கினேன். கடைசி வரிசைப் பிள்ளைகளும் நிமிர்ந்து பார்த்தனர். என் மகன் மட்டும் அவ்வரிசையில் இல்லை.