சத்தம் குறையணும், பிக்கப் குறையக்கூடாது: ஒரு சைலன்சர் த்ரெட்

1. டாக்டருக்கும் சைலன்சருக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. நிறைய இருக்குங்க. என் கார் 1.2 லிட்டர் பெட்ரோல், நாலு சிலிண்டர், செகண்ட் ஹேண்ட். பின்பக்க சைலன்சர் துருப்பிடிச்சு ஓட்டையாயிடுச்சு. அதே மாதிரி வாங்கி மாட்டாம, அளவு பார்த்து ஒண்ணு செய்யலாம்னு ஒரு மாசமா பிளான் போட்டுட்டு இருக்கேன். படிச்சதை உங்களுக்கும் சொல்றேன். நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

2. என் தேவை ரெண்டே ரெண்டு. ஒண்ணு, ராத்திரி 2 மணிக்கு ஆஸ்பத்திரில இருந்து கால் வந்தா வண்டிய எடுக்கறப்ப தெருவுல ஒருத்தரும் முழிக்கக்கூடாது. அம்பத்தூர் பக்கம் தெருக்கள் எவ்வளவு குறுகல்னு உங்களுக்கே தெரியும். எதிர்வீட்டு ஜன்னலுக்கும் என் சைலன்சருக்கும் நடுவுல பத்தடி கூட இல்ல. ரெண்டு, பாடி மேம்பாலத்துல ஏறும்போது வண்டி மூச்சு வாங்கக்கூடாது.

3. இந்த ரெண்டும் ஒண்ணா நடக்காதுன்னுதான் பெரும்பாலான கடைகள்ல சொல்றாங்க. "ஃப்ரீ ஃப்ளோ போட்டா பிக்கப் பிச்சுக்கும் டாக்டர், ஆனா கொஞ்சம் சத்தம் வரும்." உண்மை என்னன்னா, சத்தமும் பவரும் ஒரே தராசோட ரெண்டு தட்டு இல்ல. இது புரியணும்னா முதல்ல இதயத்தைப் பத்தி பேசணும்.

4. இதயம் ரத்தத்தை விட்டு விட்டு அடிக்குது. ஆனா விரல் நுனில இருக்கற நுண்குழாய்க்குப் போறப்ப ஓட்டம் சீரா இருக்கு. எப்படி? மகாதமனிக்கு ரப்பர் மாதிரி ஒரு குணம் உண்டு. ஒவ்வொரு அடிக்கும் விரிஞ்சு ரத்தத்தை வாங்கி, அடுத்த அடி வரதுக்குள்ள சுருங்கி முன்னாடி தள்ளும். ஓட்டத்தை அடைக்காமலே துடிப்பை மட்டும் மழுங்கடிக்குது. நல்ல சைலன்சர் செய்யறதும் அதே வேலைதான்.

5. எஞ்சின் கணக்கு பாருங்க. நாலு சிலிண்டர் எஞ்சின்ல ஒவ்வொரு சுத்துக்கும் ரெண்டு தடவை புகை வெடிச்சு வெளிய வரும். 3000 ஆர்பிஎம்ல நிமிஷத்துக்கு 6000, அதாவது நொடிக்கு 100 துடிப்பு. நம்ம காதுல விழற அந்த "டுர்ர்ர்" இந்த 100 ஹெர்ட்ஸும் அதோட மடங்குகளும்தான். புகை வெளிய போயே ஆகணும். துடிப்பு வெளிய போகணும்னு அவசியமே இல்ல.

6. அடுத்து "பேக் பிரஷர்". வண்டிக்குக் கொஞ்சம் பேக் பிரஷர் இருந்தாத்தான் பிக்கப் வரும்னு ஒரு நம்பிக்கை. வால்வு சுருங்கினா இதயத்துக்கு நல்லதுன்னு யாராவது சொல்வோமா? தடை இருந்தா எஞ்சின் தன் சக்தில ஒரு பங்கை புகைய வெளிய தள்ளவே செலவழிக்கும். தடையால எந்த லாபமும் இல்ல.

7. அப்போ பெரிய பைப் போட்டா ஏன் லோ ஸ்பீடுல இழுவை குறையுது? காரணம் வேகம். பைப்ல வேகமா போற புகை தனக்குப் பின்னாடி ஒரு தாழ்வழுத்தத்தை விட்டுட்டுப் போகும். சிலிண்டர்ல மிச்சம் இருக்கற புகையை அது உறிஞ்சி எடுக்கும், புதுக்காத்துக்கு இடம் கிடைக்கும். பைப்பை 1.75 இன்ச்ல இருந்து 2.5 இன்ச் ஆக்கினா குறுக்குப் பரப்பு ரெண்டு மடங்கு, வேகம் பாதி. உறிஞ்சலும் போச்சு. ரத்தக்குழாய் சுருங்கினாலும் வியாதி, வீங்கினாலும் வியாதி.

8. அதனால என் பிளான்ல பைப் அளவு 1.75 இன்ச், அதுக்கு மேல இல்ல. எஞ்சின்ல இருந்து வர முன்பகுதியைத் தொடவே இல்ல. வளைவுகள் மட்டும் கவனம். சாதா பெண்டிங் மெஷின்ல வளைச்சா வளைவுல பைப் நசுங்கி உள்வழி சின்னதாயிடும். உள்ள மாண்ட்ரல் விட்டு வளைச்சா வட்டம் மாறாது. இதை கேட்டு வாங்குங்க. ஆவடில 1950கள்ல இருந்தே டியூப் ப்ராடக்ட்ஸ் கம்பெனி ஸ்டீல் குழாய் செஞ்சுட்டு இருக்கு. குழாய் நம்ம ஏரியாவுக்குப் புதுசு இல்ல.

9. சைலன்சர்ல ரெண்டு ஜாதி. ஒண்ணு அறை அறையா தடுத்த பெட்டி. சத்தம் சுவர்கள்ல மோதித் திரும்பி, தன்னைத்தானே அடிச்சு அடங்கும். தாழ்ந்த ஒலிக்கு நல்லது. ஆனா புகை வளைஞ்சு வளைஞ்சு போறதால தடை அதிகம். இன்னொண்ணு நேர்குழாய். நடுவுல ஓட்டை ஓட்டையா ஒரு பைப், சுத்தி கண்ணாடி இழை. புகை நேரா போகும், சத்தம் மட்டும் பக்கவாட்டுல இழைக்குள்ள போய் சூடா மாறிடும். கூர்மையான ஒலிக்கு இது நல்லது.

10. கடைல "ஸ்போர்ட்ஸ்"னு விக்கற சின்ன டப்பாவும் இந்த நேர்குழாய் ஜாதிதான். அப்புறம் ஏன் கத்துது? டப்பா சின்னது. அதே நேர்குழாயை நீளமா, பெரிய வயிறோட செஞ்சா தடை ஏறாது, சத்தம் இறங்கும். அமைதிக்கு நாம கொடுக்க வேண்டிய விலை இடமும் எடையும்தான். பிக்கப் இல்ல. இந்த த்ரெட்ல ஒரே ஒரு வரி ஞாபகம் வச்சுக்கணும்னா இதை வச்சுக்கோங்க.

11. நான் வரைஞ்சிருக்கறது இப்படி: ஸ்டாக் முன்பகுதி, ஸ்டாக் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர், நடுவுல ஒரு சின்ன ரெசனேட்டர், பின்னாடி ஸ்டாக்கை விடப் பெரிய நேர்குழாய் சைலன்சர். மிச்சம் ஒரு தொல்லை: வெளிவட்டச் சாலைல நசரத்பேட்டைல இருந்து நெமிலிச்சேரி பக்கம் ஒரே வேகத்துல போறப்ப காருக்குள்ள "ஊஊம்"னு தலைய அமுக்கற ஒரு ஒலி.

12. அதுக்கும் வைத்தியம் உண்டு. என் வண்டி 80ல போறப்ப ஏறக்குறைய 2500 ஆர்பிஎம், அதாவது நொடிக்கு 83 துடிப்பு. மெயின் பைப்ல இருந்து, முனை அடைச்ச ஒரு பக்கக் குழாய் விடணும். நீளம் அந்த ஒலி அலையோட கால் பங்கு. உள்ள போன அலை முனைல மோதித் திரும்பறப்ப எதிர்முகமா வந்து அசலை அடிச்சிடும். சுமார் 230 டிகிரி புகைல ஒலிவேகம் நொடிக்கு 450 மீட்டர். 450ஐ 4 தடவை 83ஆல வகுத்தா 1.35 மீட்டர். பக்கக் குழாய்ல புகை ஓட்டமே இல்லாததால மெயின் ஓட்டத்துக்குத் தடையே கிடையாது. உள்ள சூடு குறைவா இருந்தா நீளத்தையும் கொஞ்சம் குறைக்கணும்.

13. இப்போ டாக்டரா பேசறேன். ஒரு கடைல, "கேட்டை எடுத்துட்டு நேர் பைப் விட்டுடலாம்"னு சொன்னாங்க. கடை பேர் வேண்டாம். நான் வேணாம்னு எழுந்து வந்துட்டேன். கார்பன் மோனாக்சைடை மட்டுப்படுத்தற உறுப்பு அதுதான். அந்த வாயுவுக்கு நிறமோ வாசனையோ கிடையாது. ஹீமோகுளோபினை ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா பிடிச்சுக்கும்.

14. வெல்டிங் கசிஞ்சாலும், பைப் வண்டிக்கு அடியிலயே முடிஞ்சாலும் அது காருக்குள்ள வரலாம். தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம். "ஏசி ஒத்துக்கல"ன்னு நினைச்சுப்பாங்க. இதுல பெரிய ஆபத்து என்னன்னா, விரல்ல மாட்டற ஆக்சிமீட்டர் அப்பவும் 98 காட்டும். மோனாக்சைடு பிடிச்ச ஹீமோகுளோபினை அது ஆக்சிஜன்னு எண்ணிக்கும். கார்ல போறப்ப எல்லாருக்கும் ஒண்ணா தலைவலி வந்து, இறங்கினதும் சரியானா முதல்ல எக்ஸாஸ்ட்டை செக் பண்ணுங்க. மூடின ஷெட்ல எஞ்சினை ஓடவிட்டு உக்காராதீங்க. ஏசி போட்டு நிறுத்தின கார்ல தூங்காதீங்க.

15. அடுத்து காது. உள்காதுல ஒலியை வாங்கற முடிச்செல்கள் ஒரு பக்கத்துக்கு சுமார் 15,000. செத்தா திரும்ப முளைக்காது. 85 டெசிபல்ல 8 மணி நேரம்தான் பாதுகாப்புன்னு ஒரு கணக்கு. அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபல்னா வெறும் 15 நிமிஷம். சைலன்சரைக் குடைஞ்ச பைக்ல தினமும் வேலைக்குப் போற பசங்க, 25 வயசுல "காதுல கொய்ங்னு கேட்டுட்டே இருக்கு டாக்டர்"னு ஓபிக்கு வராங்க. அதை நிறுத்த என்கிட்ட மாத்திரை இல்லைங்க.

16. ஆஸ்பத்திரி உள்ளயும் பிரச்சினை இருக்கு. மூச்சுத் திணறலோட வந்த கைக்குழந்தை நெஞ்சுல ஸ்டெத் வச்சு, ரொம்ப மெல்லிசான ஒரு விசில் சத்தத்தைத் தேடிட்டு இருப்பேன். வாசல்ல ஒரு பைக் பட்டாசு மாதிரி வெடிச்சிட்டுப் போகும். திரும்ப முதல்ல இருந்து கேக்கணும். ஆஸ்பத்திரியைச் சுத்தி 100 மீட்டர் அமைதி மண்டலம். 2000ஆம் வருஷ ஒலி மாசு விதிப்படி பகல்ல 50, ராத்திரி 40 டெசிபல்தான் அளவு.

17. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1ல தீவுத்திடலைச் சுத்தி ஃபார்முலா 4 ரேஸ் நடந்துச்சு இல்லையா? அதுக்கு முன்னாடி விஷயம் ஹைகோர்ட் வரைக்கும் போச்சு. பக்கத்துல இருக்கற அரசு ஆஸ்பத்திரிகளுக்குச் சத்தம் போகுமேங்கறது அங்க எழுந்த கேள்விகள்ல ஒண்ணு. சத்தமா ஓட்டித்தான் ஆகணும்னு ஆசை இருக்கறவங்களுக்குப் பூந்தமல்லி தாண்டினா இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் இருக்கு. அங்க வச்சுக்கலாம்.

18. சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு: ஆர்சில இருக்கற விவரத்துக்கு முரணா வண்டியை மாத்தக்கூடாது. 190(2): சத்தம், புகை அளவை மீறி ஓட்டினா முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதம், 3 மாசம் வரை சிறை, 3 மாசத்துக்கு லைசென்ஸ் தகுதி நீக்கம். அதனாலதான் நான் கேட்டைத் தொடல, ஸ்டாக்கை விடச் சத்தம் ஏறக்கூடாதுன்னு கண்டிஷன் வச்சிருக்கேன். வெல்டிங்குக்கு முன்னாடி வரைபடத்தை ஆர்டிஓ ஆபீஸ்ல காட்டிக் கேக்கப் போறேன். வேண்டாம்னா கம்பெனி சைலன்சரே மாட்டிப்பேன். நீங்களும் முதல்ல கேளுங்க, அப்புறம் வெட்டுங்க.

19. அளக்கறது எப்படி? பைப் முனைல இருந்து அரை மீட்டர், 45 டிகிரி கோணம், அதிகபட்ச பவர் வர ஆர்பிஎம்மோட முக்கால் பங்கு. போன் ஆப் சரியான எண்ணைக் காட்டாது. ஆனா அதே போன், அதே இடம்னா முன்னாடி, பின்னாடி ஒப்பிட உதவும். புதுக் காருக்கான டெசிபல் வரம்பு ஓடற வண்டியைத் தள்ளி நின்னு அளக்கற வேற டெஸ்டுக்கானது. ரெண்டையும் குழப்பிக்காதீங்க. 10 டெசிபல் குறைஞ்சா காதுக்குப் பாதி சத்தமா தெரியும்.

20. கடைசியா துரு. வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் 4 கிலோமீட்டர்னா சைலன்சர் முழுசா சூடாகறதுக்குள்ள வண்டி நின்னுடும். புகைல இருக்கற நீராவி உள்ளயே தண்ணியா தங்கி, உள்ள இருந்து அரிக்கும். பெட்டியோட தாழ்வான இடத்துல தண்ணி வடிய ஒரு சின்னத் துளை இருக்கணும். 304 ஸ்டெயின்லெஸ்னா நல்லது. வாரம் ஒரு தடவை அரை மணி நேரம் ஓட்டிடுங்க.

21. கடைக்காரர்கிட்ட கேக்க வேண்டிய அஞ்சு கேள்வி: கேட் அப்படியே இருக்குமா? பைப் அளவு என்ன? வளைவு நசுங்காம வருமா? டப்பா எவ்வளவு பெருசு? வேலை முடிஞ்சதும் ஒவ்வொரு ஜாயின்ட்லயும் சோப்புத் தண்ணி விட்டுக் கசிவு காட்டுவீங்களா? அஞ்சுக்கும் பொறுமையா பதில் சொல்றவர்கிட்ட வண்டிய விடுங்க. வேற சந்தேகம் இருந்தா கீழ கேளுங்க, டூட்டி முடிச்சிட்டு ஒவ்வொண்ணா பதில் சொல்றேன்.