காலையில் துடுப்பு, மாலையில் கோபுரம்

சென்னையிலிருந்து வரும் ஓவிய நண்பருக்கு ஒரே நாளில் மியூசியமும் வாய்க்காலில் படகும் வேண்டுமாம். திருப்பாதிரிப்புலியூரில் ரயிலேறினால் சிதம்பரம். அங்கே மியூசியம் கிழக்குக் கோபுர வாசல்தான். 108 கரணங்கள், நாட்டிய சாஸ்திர சுலோகங்களோடு. எழும்பூர் மியூசியத்து நடராஜரைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதியவன் நான். இந்த வாசலில் செருப்பு விடும் இடத்தைத்தான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே முதலில் பிச்சாவரம். ஊருக்குத் தில்லை என்று பெயர் தந்த மரத்தை இன்று அந்தச் சதுப்பில்தான் பார்க்க வேண்டும். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை கெடும். விமர்சகனுக்குப் பொருத்தமான மரம். சுரபுன்னை வேர்களுக்கிடையே துடுப்புப் படகு மெதுவாகத்தான் போகும். கண் அந்த வேகத்துக்குப் பழகிவிட்டால், மாலையில் வாசலில் நிற்கத் தெரிந்துவிடும்.

திட்டம் நண்பருக்காகப் போட்டதுதான். லீவு லெட்டரில் காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று எழுதினேன்.