சிங்கப்பூரில் எங்கள் கடைசி நாள்

விடுமுறை என்றாலே நம் உள்ளம் துள்ளிக் குதிக்கும். அதிலும் கடல் கடந்த பிரயாணம் என்றால் கேட்கவா வேண்டும்! சென்ற மே மாதம் என் பெற்றோர், தம்பி ஆகியோருடன் சிங்கப்பூர் சென்று ஐந்து நாட்கள் தங்கினேன். பீளமேட்டில் விமானம் ஏறினால் நான்கரை மணி நேரத்தில் சிங்கப்பூர்! மெர்லயன் சிலை, தாவரவியல் பூங்கா, செந்தோசா தீவு எல்லாம் கண்டு களித்தோம். இருப்பினும் என் மனத்தில் பசுமையாய் நிற்பது கடைசி நாள்தான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. இரவு விமானம். அம்மாவின் சித்தப்பா மகன், எங்கள் மாமா, அங்கே கட்டட வேலை செய்கிறார். பல்லடம் பக்கம் கொத்தனாராக இருந்தவர். ஞாயிறு மட்டுமே அவருக்கு ஓய்வு. ஆகையால் அன்று காலை அவரைக் காணச் சிராங்கூன் சாலைக்குச் சென்றோம். தமிழ் அந்நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்று அல்லவா? அச்சாலையில் எங்கு திரும்பினாலும் தமிழ்ப் பலகைகள், விடுமுறை நாளைக் கழிக்க வந்த நம் ஊர் முகங்கள்!

"வாங்கக்கா, வாங்க மாமா. அம்மிணி இத்தனை வளர்ந்துட்டாளே!" என்று மாமா வரவேற்றார்.

அம்மா கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். மாமாவின் மகளுக்கு நான்கு வயது. ஜூனில் பள்ளியில் சேர வேண்டும். அவள் பாதத்தைக் காகிதத்தில் வைத்து, அத்தை பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்பியிருந்தார். மாமா புறப்பட்டபோது அவள் எட்டு மாதக் குழந்தை. இடையில் ஒரே ஒரு முறைதான் ஊருக்கு வந்து போனார். அந்தச் சின்னப் பாதத்தின் மேல் தம் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு கடை கடையாக ஏறி இறங்கி ஒரு ஜோடி ஷூ வாங்கினார்.

"ஒரு சுத்து பெரிசாவே இருக்கட்டுங்கக்கா. புள்ளை வளர்றா இல்லைங்களா?"

மாலையில் அப்பா எங்களை ரயிலில் புனித ஆன்ட்ரூ பேராலயத்துக்கு அழைத்துச் சென்றார். 1825 முதல் ஆங்கிலேயர் இந்தியக் கைதிகளைச் சிங்கப்பூருக்குக் கொண்டு வந்து வேலை வாங்கினார்கள். 1862-இல் அர்ச்சிக்கப்பட்ட அந்த ஆலயத்தைக் கட்டியவர்கள் அவர்களே. சுண்ணாம்புடன் முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்த்து அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரில் குழைத்துப் பூசினார்களாம். அதற்கு 'மதராஸ் சுண்ணாம்பு' என்றே பெயர்!

மாமா ஒரு தூணை மெல்லத் தடவினார். "ஏனுங்க மாமா, இதைப் பூசினவங்க ஊருக்குத் திரும்பினாங்களா?"

"பல பேர் இங்கேயே தங்கிட்டாங்கப்பா."

மாமா ஒன்றும் பேசவில்லை. அம்மாதான், "நீ எப்பப்பா வருவே?" என்று கேட்டார்.

"வீட்டுக் கடன் இன்னும் ரெண்டு வருசத்துல அடைஞ்சுருங்கக்கா. அப்புறம் ஒரு நாள்கூட இருக்க மாட்டேன்."

விமான நிலையம் வரை மாமா வந்தார். ஷூ பெட்டியை என் கையில் கொடுத்தார். காகிதத்தை மட்டும் மடித்துத் தம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். விடுமுறை முடிந்துவிட்டதே என்று தம்பி அழுதான். எங்களுக்கு ஐந்து நாட்கள் ஐந்து நிமிடமாய்ப் பறந்தன. மாமாவுக்கோ நாட்கள் நகர மறுக்கின்றன.

அன்புத் தோழியரே, சிங்கப்பூர் என்றதும் வானளாவிய கட்டடங்களை வியக்கிறோம். அவற்றின் சாரத்தில் நின்று உழைப்போரையும் சற்றே நினைப்போம்.

மறுவாரம் பல்லடம் சென்றோம். குழந்தை ஷூவை இடம் வலமாக மாற்றிப் போட்டுக்கொண்டு வாசலெல்லாம் நடந்தாள். மணி இரவு எட்டு. சிங்கப்பூரில் பத்தரை. விடிந்தால் வேலை. ஆனாலும் கைப்பேசியில் மாமாவின் குரல் கேட்டது:

"இன்னொருக்கா நட கண்ணு. சத்தம் நல்லாக் கேக்குது."