மதியத்துக்கு மேல்

குழந்தையைப் பள்ளியில் எத்தனை மணி வரைக்கும் விடலாம் என்று கேட்டு வரும் பெற்றோரிடம் நான் முதலில் வயதைக் கேட்பதில்லை. காலையில் எப்போது எழுந்திருக்கிறது, மதியம் தூங்குமா, சாப்பாட்டை யார் ஊட்டுகிறார்கள் என்று கேட்கிறேன். பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

திருப்பூரில் சின்னப் பிள்ளைகளுக்கான பள்ளி நடத்துகிறவர்களுக்கு இந்தக் கேள்வி லேசானதில்லை. பனியன் கம்பெனியில் வேலை காலை எட்டரைக்குத் தொடங்கும். ஆர்டர் நெருக்கும் மாதங்களில் ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் இரவு எட்டரை ஆகிவிடும். புருஷன் பெண்டாட்டி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், தேனிப் பக்கமிருந்தோ மதுரைப் பக்கமிருந்தோ வந்து லைன் வீட்டில் குடியிருப்பவர்கள். பாட்டி ஊரில் இருப்பாள். அவர்களிடம் போய் மூன்று வயதுக்கு மூன்று மணி நேரம் போதும் என்று சொல்லிவிட்டு நான் கதவைச் சாத்த முடியாது. இன்னொரு பக்கம், அம்மா, பாட்டி இருவரும் வீட்டில் இருக்கிற குடும்பம் வரும். "பக்கத்து வீட்டுப் பாப்பா நாலு மணி வரைக்கும் இருக்குதுங்க மிஸ். எங்க பையனும் அத்தன நேரம் இருந்தா நல்லாப் படிப்பானுங்களா?" இரண்டு வீட்டுக்கும் ஒரே கணக்கைச் சொல்வது அநியாயம்.

காலை ஒன்பதரைக்கு வருகிற மூன்று வயதுப் பிள்ளை பதினொன்றரை வரை தன் முழுத் தெம்போடு இருக்கும். மணலை அள்ளிக் கொட்டும், கதைக்கு நடுவே கேள்வி கேட்கும், பொம்மைக்குச் சண்டை போட்டாலும் நாம் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் விட்டுக்கொடுக்கும். பன்னிரண்டு தாண்டியதும் அதே பிள்ளை அதே பொம்மைக்காகக் கடித்துவிடும். கடித்தது, தள்ளியது எல்லாவற்றையும் நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதிவைக்கிறோம். பெரும்பாலானவை சாப்பாட்டுக்கு முந்தைய அரை மணியிலோ, தூக்கம் தவறிய மதியத்திலோதான் நடந்திருக்கும். பிள்ளை முரடு என்று வருத்தப்படும் அப்பாக்களிடம் அந்த நோட்டைத்தான் காட்டுகிறேன்.

கடிக்காத பிள்ளைகளும் உண்டு. சுவரோரம் உட்கார்ந்து சட்டைக் காலரை மென்றுகொண்டே இருக்கும். கூப்பிட்டால் வரும், கொடுத்தால் வாங்கிக்கொள்ளும், எதையும் தானாகத் தொடாது. ஆயாம்மாக்கள் தொல்லையில்லாத பிள்ளை என்று மெச்சுவது இவர்களைத்தான். எனக்கு அதிகம் கவலை தருவதும் இவர்கள்தான். கடிக்கிற பிள்ளையின் நேரத்தைக் குறைக்கச் சொன்னால் வீட்டில் உடனே கேட்பார்கள். அமைதியான பிள்ளையின் அம்மாவிடம், இவளுக்கு நாலு மணி வரை தாங்கவில்லை என்று புரியவைப்பது கடினம்.

தூக்கத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி மூன்று, நான்கு வயதில் ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் தேவை. பகல் தூக்கமும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. அம்மா எட்டரைக்கு வேலை முடிந்து வந்து சமைத்து, பத்தரைக்குப் படுத்து, காலை ஏழுக்கு எழுப்பப்படும் பிள்ளைக்கு இரவில் கிடைப்பது எட்டரை மணி நேரம். மீதியை எங்கள் பாயில்தான் தூங்கியாக வேண்டும். மதியம் தூங்கினால் ராத்திரி தூங்க மாட்டேன் என்கிறான், அந்த நேரத்தில் ஏதாவது எழுத வையுங்கள் என்று கேட்கிறவர்களுக்கு நான் ஒப்புக்கொள்வதே இல்லை.

அதிக நேரம் இருந்தால் அதிகம் கற்கும் என்ற நம்பிக்கை எங்கள் ஊரில் வலுவானது. இங்கிலாந்தில் 1997இல் தொடங்கி ஏறத்தாழ 3,000 பிள்ளைகளைப் பின்தொடர்ந்த பெரிய ஆய்வு ஒன்று இதை நேராகவே பார்த்தது. முன்பருவப் பள்ளிக்குப் போன பிள்ளைகள் போகாதவர்களைவிட முன்னேறியிருந்தார்கள். ஆனால் முழு நாள் போனவர்கள் அரை நாள் போனவர்களைவிட அதிகம் பெறவில்லை. எத்தனை மாதங்கள் தொடர்ந்து போனார்கள், அந்தப் பள்ளி எவ்வளவு நல்லது என்பவைதான் கணக்கில் வந்தன. அமெரிக்காவில் 1991இல் தொடங்கிய இன்னொரு ஆய்வில், பிறர் பராமரிப்பில் இருக்கும் நேரம் கூடக்கூட முரட்டுத்தனமும் சொல் கேளாமையும் சற்றுக் கூடியிருந்தது. பெரிய அளவில் இல்லைதான். ஆனால் எங்கள் நோட்டைத் தினமும் பார்க்கிற எனக்கு அந்தச் சின்ன வித்தியாசம் புரிகிறது.

ஆகவே பாட்டி இருக்கும் வீட்டுப் பையனை மதியச் சாப்பாட்டுக்கு முன்பே கூட்டிப்போகச் சொல்லிவிடுவேன். நாலு மணி வரை வைத்துக்கொண்டால் எனக்குக் கட்டணம் கூடும். அவனுக்கு எதுவும் கூடப்போவதில்லை.

ஒன்பது மணி நேரம் இருந்தே தீர வேண்டிய பிள்ளைக்குக் கற்றல் மூன்று மணி நேரத்தோடு முடிகிறது. மரியா மாண்டிசோரி 1939இல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர் முறையிலும் காலையில் யாரும் குறுக்கிடாத மூன்று மணி நேரம்தான் உயிர்நாடி. அதற்கு மேலுள்ள நேரத்தைப் பள்ளிக்கூடமாக வைத்திருந்தால் பிள்ளை களைத்துப்போகும். வீடாக மாற்றினால்தான் தாங்கும். மதியத்துக்கு மேல் நாங்கள் வட்டமாக உட்கார வைப்பதில்லை, ரைம்ஸ் இல்லை, எழுத்துப் பயிற்சித் தாள் இல்லை. முகம் கழுவித் தலை வாரி விடுவோம். கீரை ஆய்வோம், கடலை உரிப்போம், செடிக்குத் தண்ணீர் ஊற்றுவோம். தனியாக ஒரு மூலையில் படுத்திருக்க ஆசைப்பட்டால் படுத்திருக்கட்டும். காலையில் வாங்கி வைத்த அதே ஆயாம்மாதான் மாலையில் அம்மா கையில் கொடுக்க வேண்டும். மூன்று மணிக்கு ஆள் மாறினால் தூங்கி எழும் பிள்ளை அந்நிய முகத்தில் விழிக்கும். இதற்காகச் சம்பளம் கூடுதலாகக் கொடுத்துத்தான் ஆக வேண்டியிருக்கிறது.

இடையில் ஒருமுறை அம்மா முகம் தெரிந்தாலே நீண்ட நாள் இரண்டாகப் பிரிந்துவிடும். 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்க அனுமதிக்க வேண்டும் என்றது. எங்களிடம் வரும் அம்மாக்களில் பலர் அதைவிடச் சிறிய இடங்களில் செக்கிங், மடிப்பு வேலை பார்க்கிறவர்கள். சாப்பாட்டு நேரத்தில் ஓடிவந்து பத்து நிமிடம் இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவர்களுக்கு மட்டும் மதியம் கதவைத் திறந்து வைக்கிறோம். போகும்போது பிள்ளை அழும் என்று தயங்குகிறார்கள். அழட்டும், அந்த அழுகை அடங்கிவிடும் என்று சொல்லி வரச் சொல்கிறேன்.

புதிதாகச் சேரும் பிள்ளைக்கு நேரத்தைக் கூட்டுவது சாப்பாட்டை ஒட்டித்தான். முதலில் காலை மட்டும். எங்கள் கையால் வயிறாரச் சாப்பிடத் தொடங்கிய பிறகு மதியம் வரை. எங்கள் பாயில் அழாமல் தூங்கிய பிறகுதான் மாலை வரை. சில பிள்ளைக்கு இது ஒரு வாரம், சில பிள்ளைக்கு ஆடி முடியும் வரை ஆகும். பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டு வந்த பிள்ளைகளை ஒரு படி கீழிறக்கி, சில நாள் மதியத்தோடு அனுப்புகிறோம். அந்த வாரம் லீவு கிடைக்காத அம்மாக்களுக்காக, அதே லைன் வீட்டில் இருக்கும் யாராவது ஒருவர் ஒன்றரை மணிக்கு வந்து கூட்டிப்போகும்படி முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்கிறோம்.