கைதட்டலுக்கு விட்ட இடம்

பெரிய நட்சத்திரத்தின் படம் என்றால் அதை நான் இரண்டு முறை பார்ப்பேன். முதல் முறை முதல் நாள் கூட்டத்தோடு. அடுத்தது கூட்டம் வடிந்த பிறகு, ஏதாவதொரு வார நாளில், பாதிக்கு மேல் காலியாகக் கிடக்கும் அரங்கில். முதல் முறை அரங்கத்தைக் கவனிப்பேன், இரண்டாம் முறை படத்தை. ஒரே படத்துக்கு எதற்கு இரண்டு டிக்கெட் என்று வீட்டில் கேட்பார்கள். படம் பார்ப்பதும் பழகிப் பழகித் தேற வேண்டிய வேலை என்பது என் எண்ணம்.

ரஜினி, கமல், விஜய், அஜித் படங்களை எடுப்பவர்கள் கைதட்டலுக்கென்று இடம் விட்டுத்தான் எடுக்கிறார்கள். நாயகன் முகம் தெரிந்த பிறகு கேமரா இரண்டு மூன்று நொடி நகராது. ஒரு பெரிய வசனம் முடிந்ததும் எதிரில் நிற்பவர் உடனே வாய் திறக்க மாட்டார். பின்னணி இசை ஒரு சுற்று கூடுதலாக ஓடும். அந்த நொடிகளை நிரப்ப வேண்டியவர்கள் இருக்கையில் இருக்கும் நாங்கள்.

இது எனக்கு உறைத்தது ‘மாஸ்டர்’ வந்தபோது. 2021 ஜனவரி 13 அன்று தமிழ்நாட்டில் படம் வெளியானது. அதே நாளில்தான் மலேசியாவில் எங்கள் ஜொகூர் உட்படப் பல மாநிலங்களில் இரண்டாவது பி.கே.பி., அதாவது நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை, தொடங்கியது. அரங்குகள் பூட்டிக் கிடந்தன. ஜனவரி 29இல் படம் அமேசான் பிரைமுக்கு வந்துவிட, வீட்டு ஹாலில் உட்கார்ந்து பார்த்தோம். விஜய் மெதுவாக நடந்து வருகிறார், அனிருத்தின் இசை ஏறுகிறது, கேமரா காத்திருக்கிறது. ஹாலில் மின்விசிறிச் சத்தம். “ஏன்டா இவ்வளவு நேரம் நடந்துக்கிட்டே இருக்கான்?” என்று அம்மா கேட்டார். அம்மா கேட்டதில் தப்பே இல்லை. அந்த நடை எங்கள் ஹாலுக்காக எடுக்கப்பட்டதல்ல. ஆயிரம் விசில் விழ வேண்டிய இடத்தில் ஒரு விசிலும் இல்லாதபோது அது வெறும் நீளமாகத்தான் தெரியும்.

எங்கள் ஊரான பாலோவில் இன்று திரையரங்கு இல்லை. ரயில் நிலையம், கடைத்தெரு, சுற்றிலும் செம்பனை, அவ்வளவுதான் ஊர். அப்பா காலத்தில் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்களாம். பால்மரம் வெட்டிவிட்டு வந்தவர்கள் பாயை விரித்துக் குடும்பத்தோடு உட்காருவார்கள். சுருள் மாற்றும் நேரத்தில் வில்லனைத் திட்டித் தீர்த்துவிட்டு அடுத்த சுருளுக்குத் தயாராவார்கள். திரைக்குப் பின்புறம் உட்கார்ந்து இடம் வலமாக மாறிய படத்தைப் பார்த்தவர்களும் உண்டு. பிறகு வீடியோ நாடா வந்தது, ஆஸ்ட்ரோ தொலைக்காட்சி வந்தது, திடலில் பந்து விளையாட்டு மட்டும் மிஞ்சியது. இப்போது முதல் காட்சிக்கு வேன் பிடித்துக் குளுவாங் போகிறோம். அங்கே டிக்கெட் கிடைக்காவிட்டால் ஜொகூர் பாரு.

வேறு பல மாநிலத்தவருக்கு இல்லாத ஒரு வசதி எங்களுக்கு இருந்தது. 2014 முதல் 2024 முடிய ஜொகூரில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். பெரிய தமிழ்ப் படங்கள் பலவும் வியாழக்கிழமையைப் பிடித்துக்கொண்டு வருகின்றன. ‘ஜெயிலர்’ 2023 ஆகஸ்ட் 10, ‘லியோ’ அக்டோபர் 19, ‘அமரன்’ 2024 அக்டோபர் 31 தீபாவளியன்று, எல்லாமே வியாழன். என்னைப் போல் பள்ளியில் வேலை பார்ப்பவனுக்கு வியாழன் இரவுக் காட்சி முடிந்து நள்ளிரவில் வீடு திரும்பினாலும் மறுநாள் மணியடிக்கப் போக வேண்டியதில்லை. 2025 ஜனவரி 1 முதல் விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது. ‘கூலி’ ஆகஸ்ட் 14 வியாழனன்று வந்தபோது வேனில் பாதிப் பேர் கொட்டாவியோடுதான் திரும்பினார்கள். பேச்சு மட்டும் குறையவில்லை.

இங்கே படம் பார்ப்பதில் இன்னொரு விசேஷம், திரையின் அடியில் ஓடும் மலாய் மொழிபெயர்ப்பு வரிகள். தேசியப் பள்ளியில் படித்த பிள்ளைகள் பலருக்குத் தமிழ் காதில் புரியும், எழுத்தாகப் படிக்க வராது. வரி தெரிந்தால் கண் தானாக அங்கே போய்விடும். ரஜினி ஒரு வசனத்தை இரண்டாக உடைத்துப் பேசுவார். முதல் பாதியைச் சொல்லி நிறுத்தி, தலையைத் திருப்பி, பிறகுதான் மறுபாதி. கீழே உள்ள வரிக்கு அந்தப் பொறுமை கிடையாது. முழு வாக்கியத்தையும் ஒரேயடியாகக் காட்டிவிடும். அரங்கில் ஒரு பகுதி முன்கூட்டியே சிரித்துவிட, மீதிப் பேர் ரஜினி முடித்த பிறகு சிரிப்பார்கள். “சார், அவர் பேசுறதுக்குள்ள கீழ போட்டு உடைச்சிடுறான் லா” என்று வேனில் ஒரு தம்பி புலம்பினான். அவனுக்கு நான் சொன்ன வழி, முன்வரிசைகளை விட்டு நாலைந்து வரிசை தள்ளி நடுவில் உட்கார்வது. அங்கிருந்து பார்த்தால் முகமே கண்ணை நிறைத்துவிடும், வரி பார்வையின் விளிம்புக்குப் போய்விடும். ஆனால் இது இரண்டாம் முறைக்கான இடம். முதல் நாள் நான் பின்வரிசையில்தான் உட்காருவேன். தலைகள் தெரிய வேண்டும். எந்த இடத்தில் எழுந்து நிற்கிறார்கள், எங்கே போனைத் தடவுகிறார்கள் என்று தெரிய வேண்டும்.

போன் என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நாயகன் வரும் காட்சியைப் போனில் பிடிக்கும் பழக்கம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. அரங்கில் படத்தைப் பதிவு செய்வது இந்த நாட்டில் சட்டப்படி குற்றம். அதைவிட, இரண்டு கையும் போனில் இருந்தால் தட்டுவது யார்? இன்னொன்று, இந்தியாவைவிட நமக்குக் கடிகாரம் இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. அங்கே விடிவதற்குள் இங்கே பார்த்து முடித்துவிடும் வாய்ப்பு கிடைத்தால், திருப்பத்தை வெளியே சொல்லாமல் காப்பதும் ரசிகனின் கடமைதான்.

இனி படங்கள். அண்மை ஆண்டுகளில் கைதட்டலுக்கான இடத்தை மிக நன்றாகக் கட்டிய படம் என்றால் நான் ‘விக்ரம்’ என்பேன் (2022). கமலின் இடைவேளைக் காட்சிக்கும், கடைசியில் சில நிமிடங்களே வந்து போகும் சூர்யாவின் ரோலெக்ஸுக்கும் அரங்கு அதிர்ந்தது. அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது ஏஜென்ட் டீனா. வீட்டு வேலைக்கார அம்மாவாகக் குழந்தையைப் பார்த்துக்கொண்டு இருந்தவர் ஒரு கட்டளை வந்ததும் நிமிர்கிறார். அந்த வேடத்தில் நடித்த வசந்தி, பல்லாண்டு சினிமா நடனக் குழுக்களில் உழைத்தவர். சுவரொட்டியில் முகம் இல்லை, ரசிகர் மன்றம் இல்லை. ஆனாலும் அன்றிரவு எங்கள் அரங்கில் எழுந்த சத்தம் எந்த நாயகன் வருகைக்கும் குறைந்ததில்லை. பக்கத்து வரிசைப் பெண்கள் எழுந்தே நின்றுவிட்டார்கள். கைதட்டல் நட்சத்திரத்துக்கு மட்டும் விழுவது என்று நினைப்பவர்களுக்கு நான் அந்த ஒரு காட்சியைத்தான் காட்டுவேன். கட்டுமானம் சரியாக இருந்தால் யாருக்கும் விழும்.

‘ஜெயிலர்’ வேறு வகை. இயக்குநர் நெல்சன் ரஜினியை அதிகம் ஓடவிடவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே மிரட்ட வைத்தார். சிவராஜ்குமாரும் மோகன்லாலும் வந்தபோது, அவர்கள் படங்களையே பார்த்திராத பையன்கள்கூட விசிலடித்தார்கள். எனக்கு அந்தப் படத்தில் மறக்காதது இறுதிப் பகுதி. தவறான வழிக்குப் போன மகனுக்குத் தகப்பன் கடைசியாக ஒரு வாய்ப்புக் கொடுக்கிறார், மகன் அதை எடுத்துக்கொள்வதில்லை. இரண்டரை மணி நேரம் கத்திய கூட்டம் அங்கே சட்டென்று அடங்கியது. அந்த மாற்றத்தை வீட்டு ஹாலில் உணரவே முடியாது.

‘கூலி’யைப் பற்றி என் மனத்தில் இருப்பதைச் சொல்ல வேண்டும். ரஜினி அறிமுகமான ‘அபூர்வ ராகங்கள்’ வந்து ஐம்பதாண்டு நிறைந்த அதே ஆகஸ்டில் வந்த படம். கொண்டாடத்தான் போனோம். நாகார்ஜுனா, உபேந்திரா, ஆமிர் கான் என்று ஆளாளுக்கு ஒரு வருகைக் காட்சி, ஒவ்வொன்றுக்கும் கைதட்டலுக்கு இடம். இடம் விடுவதே வேலையாகிப் போனதால் கதை மூச்சுவிட முடியாமல் நின்றது. மூன்றாவது பெரிய வருகைக்கு விசில் பாதியிலேயே தேய்ந்தது பின்வரிசையிலிருந்து எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. சௌபின் சாஹிர்தான் ஆட்டத்திலும் அச்சுறுத்தலிலும் அரங்கைப் பிடித்து நிறுத்தினார். இளமையான ரஜினி தோன்றும் பழைய காட்சிகளுக்கு வந்த வரவேற்பு உண்மையானது, அதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. நானும்தான் எழுந்து நின்றேன்.

‘அமரன்’ அன்று தீபாவளிப் புதுத்துணியோடு வந்த கூட்டம். சிவகார்த்திகேயன் முகத்துக்கு முதலில் வழக்கமான ஆரவாரம். மேஜர் முகுந்த் வரதராஜன் 2014 ஏப்ரலில் காஷ்மீரில் உயிர்விட்டவர் என்பது உள்ளே வரும்போதே எல்லோருக்கும் தெரியும். இயக்குநர் ராஜ்குமார் பெரியசாமி அந்த முடிவை மறைக்கவே முயலவில்லை. மனைவி இந்துவின் நினைவாகக் கதையை நகர்த்தினார். அதனால் கைதட்டலுக்கான இடங்கள் குறையக் குறைய, சாய் பல்லவியின் முகம் முழுப் படத்தையும் வாங்கிக்கொண்டது. பெயர்கள் ஓடத் தொடங்கிய பிறகும் பலர் எழுந்திருக்கவில்லை. நட்சத்திரப் படத்தில் இதைச் சாதிப்பது மிகக் கடினம்.

மலேசியத் தமிழனான என்னால் ‘கபாலி’யைத் தொடாமல் இருக்க முடியாது. 2016 ஜூலையில் வந்தது. ரஜினி எங்கள் நாட்டில் வாழ்ந்த தோட்டத் தொழிலாளியின் வழியில் வந்தவராகத் திரையில் நின்றார். கூலி உயர்வுக்காகத் தோட்டத்தில் போராடும் காட்சிக்கு விசில் குறைவு, பேச்சு அதிகம். பின்னால் இருந்த பெரியவர்கள் ஒருவருக்கொருவர் தங்கள் தோட்டத்துப் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். படத்தின் முடிவை இயக்குநர் ரஞ்சித் திறந்தே விட்டார். திரை இருளும், ஒரு துப்பாக்கிச் சத்தம் மட்டும் கேட்கும். என்ன ஆயிற்று என்பது பார்ப்பவர் பாடு. மலேசியப் பிரதியில் கபாலி போலீஸில் சரணடைந்தார் என்று எழுத்தில் போட்டு அந்த இடத்தை மூடிவிட்டார்கள். எங்களுக்கென்று விட்டிருந்த இடத்தை வேறு யாரோ நிரப்பியதில் எனக்கு இன்றும் வருத்தம்தான். எங்கள் சொந்தக் கதையைச் சொந்த ஊர்ப் பேச்சில் சொன்ன சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ (2015), 2016 மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானது. அதற்குக் ‘கபாலி’க்குச் சேர்ந்த கூட்டத்தில் ஒரு பங்காவது முதல் நாளில் சேர்ந்திருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன். அதற்கும் நாங்கள் வேன் பிடித்தோம்.

இரண்டாம் முறை பார்ப்பதில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் ‘லியோ’. காபிக் கடைக்காரர் பார்த்திபனை எல்லோரும் லியோ தாஸ் என்று சந்தேகிக்கிறார்கள், மனைவியும் சந்தேகிக்கத் தொடங்குகிறாள். தான் அவன் இல்லை என்று த்ரிஷாவிடம் சொல்லி உடைந்து அழுவார் விஜய். முதல் நாள் கூட்டத்துக்கு அந்த அழுகையில் பொறுமை இல்லை. சண்டை எப்போது வரும் என்ற பரபரப்பு, நடுவே விசில், எங்கோ ஒரு குரல் ‘தளபதி’ என்றது. காட்சி கரைந்து போயிற்று. அடுத்த வாரம் போனபோது அரங்கில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். முடிவு தெரிந்துவிட்டது, அவர் லியோதான். அப்படியானால் அந்த அழுகை பொய். ஆனால் விஜய் அதைப் பொய்யாக அழவில்லை. குடும்பம் கையைவிட்டுப் போகிறதே என்ற பயம் நிஜம், வாய் சொல்வது மட்டும் பொய். இரண்டையும் ஒரே முகத்தில் வைத்திருக்கிறார். சண்டைக் காட்சியில் ஒலித்த தேவாவின் பழைய பாட்டைப் பற்றி ஊரே பேசியது. இதைப் பற்றி யாரும் பேசவில்லை. விஜய்க்கு நடிக்க வராது என்பவர்களிடம் இனி நான் வாதாடப் போவதில்லை. காலியான அரங்கில் அந்த ஒரு காட்சியைப் பார்த்துவிட்டு வரச் சொல்வேன்.